உரியவளிடம் ஒப்படைக்கவும்

பிற்பகலில் கெண்டலின் நாடி அப்படி ஏறியிருக்கக் கூடாது.

அந்த நேரத்தில் அவன் எல்மைரா பனிச்சறுக்கு அரங்கத்தில், பனித்தரையை இழைத்துச் சமமாக்கும் பெரிய வண்டியில் உட்கார்ந்து, அரைத் தூக்கத்தில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்க வேண்டும். வேலை நேரத்தில் அவன் இதயம் சோம்பேறி. மார்லாவுக்கு அது மனப்பாடம். இன்று திரையில் பச்சைக் கோடு துள்ளியது, இறங்கியது, மறுபடி துள்ளியது. அடக்க முடியாமல் சிரிக்கும்போதுதான் அவன் நாடி அப்படித் துள்ளும். பதினான்கு வருடம் அந்த நெஞ்சில் தலைவைத்துப் படுத்தவளுக்குத் தெரியாதா?

யார் சிரிக்க வைக்கிறார்கள் என்பதும் தெரிந்தது. வரைபடத்தில் நீலப் புள்ளி அரங்கத்தில் இல்லை. ஹைடியின் வீட்டில் இருந்தது.

மார்லா ஷான்ட்ஸ் வேலை பார்த்தது கைக்கடிகாரங்களும் காதுக்கருவிகளும் தயாரிக்கும் ஒரு கம்பெனியில், தொலைந்த பொருள் பிரிவில். ஒரு காலத்தில் அப்படியொரு பிரிவே கிடையாது. விற்றதோடு சரி. தொலைத்தவன் அழுதுவிட்டுப் புதிதாக வாங்கினால் கம்பெனிக்கு இரட்டை லாபம். பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் ஒரு கல்லூரிப் பெண்ணைக் கீழே தள்ளி, மணிக்கட்டை முறித்துக் கடிகாரத்தைப் பறித்துப் போன பிறகுதான் மேலிடத்துக்கு உறைத்தது. திருடியவனுக்குப் பிரயோஜனப்படாத பொருளை எவனும் திருடமாட்டான். அப்படி ஆக்குவது தயாரித்தவன் கையில்தான் இருக்கிறது.

ஆக்கினார்கள். தொலைந்ததென்று உரியவர் சொன்ன மறுநிமிடம் கடிகாரம் பூட்டிக்கொள்ளும். அந்தப் பக்கம் போகிற வருகிற யாரிடமாவது இதே கம்பெனியின் பொருள் ஒன்று இருந்தால் போதும். அவருக்கே தெரியாமல் அது தொலைந்ததைக் கண்டு தகவல் அனுப்பிவிடும். வேறு யாராவது கையில் கட்டியிருந்தால் உரியவரின் குரலிலேயே பேசும். முதலில் அலாரம் வைப்பதாகத்தான் பேச்சு. அடுத்த மேஜை லாய்ட்தான் கூட்டத்தில் எழுந்து, அலாரத்துக்கு இந்தக் காலத்தில் எவன் பயப்படுகிறான், ஒரு பெண்டாட்டி குரல் கேட்டால் கை தானாகத் திருப்பிக் கொடுக்கும் என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். எதுவும் பலிக்காவிட்டால் அழிப்பு. உள்ளே சேர்ந்த அத்தனை பெயர்களும் படங்களும் பேச்சுகளும் ஒரே துடைப்பில் போய்விடும். எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாது.

அழிப்புக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு. நாடி தெரிகிற கடிகாரத்தை அழிக்கக் கூடாது. கட்டியிருப்பவர் நிரபராதியாக இருந்துவிட்டால்? அவசியம் அழித்தே ஆகவேண்டும் என்றால் இரண்டு மேஜைகளின் ஒப்புதல் வேண்டும்.

கெண்டலின் கடிகாரம் தொலையவில்லை. கெண்டல்தான் தொலைந்தான்.

பிறந்தநாளுக்கு ஊழியர் தள்ளுபடியில் அவள் வாங்கிக் கொடுத்த கடிகாரம் அது. தள்ளுபடியில் வாங்கினால் ஊழியர் பெயரில்தான் பதிவாகும். பிறகு மாற்றிக்கொள்ள வேண்டும். ஆபீசில் யாரும் மாற்றுவதில்லை. வீட்டுக்குள் என்ன உன் பெயர், என் பெயர்? அக்டோபரில், கனடாவின் நன்றி நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழி ஃப்ரிட்ஜில் இருக்கும்போதே, பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு சொல்லித்தரும் ஹைடியின் வீட்டுக்கு இரண்டு பைகளோடு போய்விட்டான். கடிகாரம் அவன் கையோடு போனது. பதிவு மார்லா பெயரிலேயே தங்கிவிட்டது.

அன்றிலிருந்து அவன் இதயம் அவள் மேஜையில்தான் துடித்தது.

சாயங்காலங்களில் பச்சைக் கோடு ஏறுவதைப் பார்த்து அவள் உதட்டைக் கடித்துக்கொள்வாள். அது சிறுகச் சிறுக அடங்கித் தூக்கத்துக்குள் இறங்கும்வரை பார்த்துக்கொண்டே இருப்பாள். இப்போது ஹைடியின் தலை அந்த நெஞ்சில் இருக்கும். அவள் தலைமுடி அவன் மூக்கில் உரசும். தன் வீட்டுப் படுக்கையில் அவன் இருந்த பக்கம் இரும்பைப் போலக் குளிர்ந்து கிடக்கும்.

"மார்லா, பனி கொட்டப் போகுதாம். நான் கிளம்பறேன்." லாய்ட் காதுத் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். "நீ இரு. ஊரான் கடிகாரத்தை எல்லாம் அடைகாத்து, குஞ்சு பொரிச்சதும் சொல்லு."

அவள் சிரித்து வைத்தாள். அவருடைய பூட்ஸ் சத்தம் படியிறங்கித் தேய்ந்தது. தன் திரையை அணைக்காமலே போயிருந்தார், எப்போதும் அப்படித்தான். அறையில் தீய்ந்த காபி வாசனையும், ஈரக் கம்பளியின் வாசனையும், சுவரோரச் சூடேற்றி அவ்வப்போது எலும்பை நெட்டி முறிப்பதுபோல் விடும் சொடக்கும் மிஞ்சின. ஜன்னலுக்கு வெளியே வாட்டர்லூவின் ஜனவரி வெளிச்சம் சாம்பல் பூத்து அணைந்துகொண்டிருந்தது.

பச்சைக் கோடு துள்ளியது. இந்தத் தடவை இறங்கவில்லை.

அவ்வளவுதான். அவளுக்குள் ஏதோ அறுந்தது.

திருடுபோனது என்று குறித்தாள். பூட்டினாள். குரல் பதிவு செய்யச் சொல்லித் திரை கேட்டது. ஒலிவாங்கியை வாயருகே இழுத்து, அவள் ஒரே மூச்சில் சொன்னாள். "நான் மார்லாவுக்குச் சொந்தம். வேற யாருக்கும் இல்ல. என்னை அவகிட்ட கொண்டுபோய் விடுங்க." திரும்பப் போட்டுக் கேட்டபோது குரலில் அழுகையே இல்லை. பெருமையாக இருந்தது.

பிறகு அழிப்பு. நாடி தெரிகிறது, இரண்டாவது ஒப்புதல் தேவை என்று திரை தடுத்தது. அவள் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் லாய்ட்டின் மேஜைத் திரையிலும் ஒரு விரலை வைத்து அழுத்தினாள். ஹைடி எடுத்த படங்கள், ஹைடி அனுப்பிய கொஞ்சல்கள், ஹைடியோடு இருந்த ராத்திரிகள். எல்லாம் போகட்டும். துடைத்துப் போடு.

பச்சைக் கோடு விழுந்தது. தட்டையாகக் கிடந்தது.

அதில் பயப்பட ஒன்றுமில்லை. அழிந்த கடிகாரம் நாடியை எண்ணாது. நீலப் புள்ளியும் சிறிது நேரம் அதே இடத்தில் நின்று, விளக்கில் எண்ணெய் தீர்வதுபோல் மங்கி அணைந்துவிடும். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள்.

அது மங்கவில்லை. ஹைடியின் வீட்டு வாசலைத் தாண்டி வெளியே வந்தது.

திருப்பிக் கொடுக்க வருகிறான் போல என்று நினைத்துக்கொண்டாள். கோபமாக வருவான். வரட்டும், கத்தட்டும். மூன்று மாதமாகச் சுவர்களைத் தவிர அவளிடம் யாரும் கத்தவில்லை. அவசர அவசரமாகக் கோட்டை மாட்டிக்கொண்டு, ஆபீஸ் டாப்லெட்டைக் கார் இருக்கையில் தன் பக்கத்தில் சாய்த்து வைத்து, கண்ணாடியில் இறுகியிருந்த பனியைச் சுரண்டி எறிந்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். வழியில் பட்டர் டார்ட் இனிப்பு வாங்கலாமா என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. அவனுக்குப் பிடிக்கும்.

சிவப்பு விளக்கில் நின்றபோது டாப்லெட்டைப் பார்த்தாள்.

புள்ளி சாலையில் இல்லை. வயல்களுக்குள் இருந்தது.

எல்மைராவுக்கும் வாட்டர்லூவுக்கும் நடுவே, மதக் கட்டுப்பாட்டால் காரைத் தொடாமல் கறுப்பு நிறக் குதிரைவண்டிகளில் போகிறவர்களின் நிலங்கள். மார்லாவின் பாட்டன்மார் விட்டு வந்த கூட்டம்தான். இன்றைக்கும் மின்சாரத்தைத் தொடாதவர்கள், ஒரு டார்ச்சுக்கே யோசிப்பவர்கள். அங்கே கடிகாரமும் கிடையாது, காதுக்கருவியும் கிடையாது, தகவல் சொல்ல ஒரு பொருளும் கிடையாது. தொலைந்தது எதுவானாலும் அந்த நிலத்துக்குள் நுழைந்தால் அதன் புள்ளி அணைந்துவிடும். வரைபடத்தில் கிணறு மாதிரி ஒரு இருட்டு என்று லாய்ட் சொல்வார். அந்தக் கிணற்றுக்குள், சோளத்தட்டை அறுத்த கட்டாந்தரையில், பனி முழங்கால் உயரம் கிடக்கும் இடத்தில், நீலப் புள்ளி பளிச்சென்று நகர்ந்துகொண்டிருந்தது. வேலிகளுக்கு வளையவில்லை. ஓடைக்கு ஒதுங்கவில்லை. அவள் வீட்டைப் பார்த்து ஒரே நேர்கோட்டில் வந்தது.

பின்னாலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். விளக்கு எப்போதோ பச்சைக்கு மாறியிருந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லா விளக்குகளையும் போட்டாள். கீழ்த்தளத்தில் ஃபர்னஸ் ஒருதரம் உறுமிவிட்டுச் சூடான காற்றை மேலே தள்ளத் தொடங்கியது; அதில் எப்போதும் இருக்கும் கருகிய தூசி வாசனை. சமையலறை ஜன்னலுக்கு அப்பால் பனி சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. தெருவிளக்கின் கீழ் மட்டும் தெரியும் பனி. மற்ற இடமெல்லாம் கறுப்பு.

போன் அடித்தது. ஹைடி.

ஹைடி ஒருநாளும் அவளைக் கூப்பிட்டதில்லை. மார்லா இரண்டு தடவை அடிக்கவிட்டு, குரலை மழுக்கிக்கொண்டு எடுத்தாள். "என்ன?"

"கெண்டல் அங்க வந்தானா?" ஹைடிக்கு மூச்சு வாங்கியது. "சொல்லு மார்லா, வந்தானா?"

பேச்சு கோர்வையாக வரவில்லை. அவனுக்கு இன்று விடுமுறையாம். சீட்டாடிக்கொண்டிருந்தார்களாம், அவன் ஏமாற்றி ஆடியதில் இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டுச் சீட்டுகளை மேஜையில் கவிழ்த்து வைத்தானாம்.

"எந்திரிச்சு நின்னான். என் மூஞ்சியையே பார்த்தான். நீங்க யாருன்னு கேட்டான்."

மார்லாவின் உடம்பு முழுக்க இளஞ்சூடாக ஏதோ பரவியது. சந்தோஷம். வெட்கமில்லாத, கொழுத்த சந்தோஷம். அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"யாருன்னு கேட்டானா? உன்னையா?"

"கோட்டு போடல. செருப்பு கூடப் போடல. பின்கதவு வழியா வயல்ல இறங்கிட்டான். நான் பின்னாடியே ஓடினேன், இருட்டுல காணோம்." ஹைடி அழுதாள். "நீ அந்தக் கடிகாரத்துல என்னமோ பண்ணியிருக்க. உன் குரல் கத்துச்சு. மார்லாவுக்குச் சொந்தம், மார்லாவுக்குச் சொந்தம்னு."

"அது என் பேர்ல இருக்கற கடிகாரம், ஹைடி. என் பொருள், நான் என்ன வேணா பண்ணுவேன். நீயும் அப்படித்தானே எடுத்துட்டுப் போன? இப்ப பாரு, தானா வருது. புள்ளி தெரியுது. வயலெல்லாம் தாண்டிருச்சு."



"என்ன புள்ளி?" என்றாள் ஹைடி. "அது கத்தினப்பவே அவன் கையிலேர்ந்து நான் கழட்டிட்டேன். இங்க, என் மேஜைலதான் கிடக்கு."

மார்லா டாப்லெட்டைப் பார்த்தாள்.

நீலப் புள்ளி கிணற்றிலிருந்து கரையேறியிருந்தது. ஊரின் முதல் தெருவைத் தொட்டிருந்தது.

ஹைடி இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். மார்லா போனை வைத்துவிட்டு லாய்ட்டைக் கூப்பிட்டாள். அழித்த பொருளை மீட்க வேண்டும் என்றாள்.

"மீட்கறதா?" லாய்ட் எதையோ மென்றுகொண்டே சிரித்தார். "மீட்க முடியாதுன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சதே நாமதானே. யாரோட பொருளு?"

"லாய்ட், அழிச்ச பொருளோட கூடவே இருக்கற ஒண்ணு... அந்தக் கையும் சேர்ந்து..."

உரியவர் பெற்றுக்கொண்டால் திருடுபோனது என்ற குறி தானாக நீங்கிவிடும், அவ்வளவுதான் வழி, போய்த் தூங்கு என்றார் லாய்ட்.

புள்ளி தனியாக இல்லை இப்போது.

வழிப்போக்கர்களின் பொருட்கள் திரையில் சாம்பல் நிறப் பொட்டுகளாகத் தெரியும். நாயோடு நடப்பவர், பேருந்திலிருந்து இறங்குபவர், மண்வெட்டியால் பனியை ஒதுக்குபவர். அவரவர் வழியில் போவார்கள். தொலைந்ததைக் கடக்கும்போது ஒரு தகவல் மட்டும் எழும்பும். இன்று அவர்கள் கடக்கவில்லை. ஒரு சாம்பல் பொட்டு நீலத்தோடு ஒட்டிக்கொண்டு தெருமுனைவரை வந்தது. அங்கே காத்திருந்த இன்னொன்று அதை வாங்கிக்கொண்டது. அதனிடமிருந்து வேறொன்று. கைமாற்றிக் கைமாற்றி, பதமாக, உடையும் பொருளைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தார்கள். பக்கத்துத் தெரு. அடுத்த தெரு.

அவள் தெரு.

ஃபர்னஸ் நின்றது. வீடு காது கொடுத்துக் கேட்டது.

வெளியே பனியை மிதிக்கும் சத்தம். நறுக். நறுக். நிறைய பாதங்கள். அவற்றுக்கு நடுவே ஒரு ஜோடி மட்டும் வேறு மாதிரி. பூட்ஸ் இல்லாத பாதங்கள். பச்சை மாமிசத்தைப் பலகையில் வைப்பதுபோல.

கதவைத் தட்டினார்கள். மரியாதையாக.

அவள் திறந்தாள். திறக்காமல் எப்படி இருப்பாள்? அவன் வெளியே நிற்கிறான்.

எதிர்வீட்டு ஏர்ப் கிழவர் காதுக்கருவியோடு வாசற்படியில் நின்றார். ஒரு கையால் கெண்டலின் சட்டைக் கையைப் பிடித்திருந்தார். இரண்டு விரலால், அழுக்குப் படாமல் பிடிப்பதுபோல. அவர்களுக்குப் பின்னால் நடைபாதையில் ஏழெட்டுப் பேர். பனித்தொப்பிகள். மூச்சுப்புகை.

"இது உன்னோடதுதானேம்மா?" கிழவரின் முகத்தில் வழக்கமான சிரிப்பு. "ரோட்டுல கிடந்துச்சு. நல்லவேளை, எங்க கண்ணுல பட்டுச்சு. கண்டவன் எடுத்துட்டுப் போயிருந்தா?"

அவள் தலையசைத்தாள். தலை தானாக அசைந்தது.

"பத்திரமா வச்சுக்கோ" என்று சட்டைக் கையை அவள் விரல்களில் வைத்து மூடினார். கூட்டம் கலைந்தது. ஒருத்தி போனில் யாரிடமோ, ராத்திரிக்குச் சூப் போதும் என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

கெண்டல் உள்ளே வந்தான். அவள் கையைப் பற்றி இழுத்ததால் வந்தான்.

கால்கள் கணுக்கால்வரை கருநீலம். சட்டை விறைத்துப் பலகையாகியிருந்தது. மணிக்கட்டில் கடிகாரம் இருந்த இடத்தில் வெளிறிய ஒரு வளையம். அவள் கம்பளியைக் கொண்டுவந்து அவன் மேல் போர்த்தினாள், கைகளைத் தேய்த்தாள், பெயரைச் சொன்னாள். திரும்பத் திரும்பச் சொன்னாள். அவன் அவளைப் பார்த்தான். சுவரைப் பார்ப்பதுபோல, மேஜையைப் பார்ப்பதுபோல.

"நான்தான். மார்லா. தெரியுதா?"

ஹைடியை மட்டும்தான் துடைக்க நினைத்தாள். ஹைடியின் மூன்று மாதத்தை மட்டும். அழிப்புக்கு அப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பதினான்கு வருடமும் போயிருந்தது. அவள் போயிருந்தாள். அந்தக் கண்களுக்குள் ஹைடியும் இல்லை, அவளும் இல்லை, கெண்டலும் இல்லை. இனி யார் வந்து இவனை எடுத்துப்போக முடியும்? எடுத்துப்போக உள்ளே என்ன இருக்கிறது?

அவன் வாய் திறந்தது.

உதடுகள் அசையவில்லை. தாடை மட்டும் கீழே தொங்கியது. அந்த இருட்டிலிருந்து அவளுடைய குரல் வந்தது. அழுகை இல்லாத, பெருமையான குரல்.

"நான் மார்லாவுக்குச் சொந்தம். வேற யாருக்கும் இல்ல. என்னை அவகிட்ட கொண்டுபோய் விடுங்க."

"கொண்டுவந்தாச்சு, கெண்டல். நீ வந்துட்ட. பெத்துக்கிட்டேன். போதும்."

"நான் மார்லாவுக்குச் சொந்தம்."

அவள் ஓரடி பின்வாங்கினாள். அவன் ஓரடி முன்னால் வந்தான். அதே அளவு. அவள் மேஜையைச் சுற்றினாள். அவனும் சுற்றினான். கூடத்துக்குள். படிக்கட்டு ஓரம். கம்பளி நழுவித் தரையில் விழுந்தது. குரல் நிற்கவில்லை.

முதுகு சுவரில் இடித்தது.

கீழே ஃபர்னஸ் மறுபடி உறுமியது. சுவரோரத் துளைகளிலிருந்து சூடான காற்று மேலே எழுந்து அவள் முகத்தில் அடித்தது, அவன் முகத்தில் அடித்தது. அவன் நெற்றியில் விழுந்திருந்த முடி அசைந்தது. ஒரு சாண் தூரம். இமை கொட்டவில்லை. அவன் இமை மயிர்களில் பனித்துகள்கள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, கூர் மழுங்காமல், அப்படியே இருந்தன. அந்தச் சூட்டில் ஒன்றுகூடக் கரையவில்லை.

தாடை மெல்ல இன்னும் கீழிறங்கியது; அவளுடைய குரல் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.